உரோமர் கொண்ட கிரேக்கமும் நாம் கொண்ட வடமொழியும்

“இலத்தீன் மொழி கிரேக்கச் சொற்களை அள்ளிக்கொள்ளவில்லையா? அதனால் அஃது அழிந்ததா, வளர்ந்ததா? உலகை ஆண்ட உரோமனுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு மட்டும் ஏன்?” தனித்தமிழ் என்ற சொல்லைக் கேட்ட அளவில் மேடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் எழுகின்ற வினா இது. வினவுவோர் பெரும்பாலும் கற்றவர். ஆங்கிலத்தின் வழியாக இலத்தீனைப் பற்றி இரண்டொரு செய்தி அறிந்தவர். அவர் சொல்லும் செய்தி பொய்யன்று, பாதி. மறுபாதியைப் படித்திருப்பின் இவ்வினாவை நம்மை நோக்கி எறிந்திருக்கமாட்டார்.

உரோமர் கிரேக்கச் சொற்களைக் கொண்டனர் என்பது உண்மையே. கொள்ளாமல் எங்ஙனம் இருந்திருக்கக்கூடும்? இத்தாலியின் தென்கரை நெடுகிலும் கிரேக்கர் குடியேறிய ஊர்கள். ஒலிவ நெய்யும் செந்நீலச் சாயமும் பொறிகளும் அவர் கைவழியே உரோமனுக்கு வந்தன. பொருளொடு பெயரும் வந்தது. வந்த பெயரை உரோமன் என் செய்தான் என்பதே பார்க்கத்தக்கது. கிரேக்கர் ‘எலையா’ என்றதை அவன் ‘ஒலிவா’ என்றான். ‘பொர்பிரா’ என்று அவர் மூச்சொலி கூட்டிச் சொன்ன சாயப்பெயரை, அம்மூச்சொலியைக் களைந்து ‘புர்புரா’ என்றான். ‘மாகனா’ என்பது ‘மாக்கினா’ ஆயிற்று. (ஆங்கிலத்தின் வழியாக நம் தறிக்கூடங்களிலும் நெல்லரைவை ஆலைகளிலும் ‘மிசின்’ என வழங்கும் சொல்லுக்கு இவளே பாட்டி.) இயற்பெயர்களும் இவ்வாறே. ஒதிசெயசு என்னும் கிரேக்க மறவன் இலத்தீனில் உலிக்கெசு. ஏராக்கிளெசு, எர்க்குலெசு ஆனான். பொலிதெயுக்கெசு, பொல்லுக்சு ஆனான். எவனும் தன் கிரேக்க உடையோடு உரோமின் வாயிலைக் கடக்கவில்லை.

இலத்தீன் பாட்டின் தந்தை எனப்படும் என்னியசு (கி.மு. 239–169), உரோமரொடு பொருத கிரேக்க வேந்தன் பிர்ரசின் பெயரை எங்கும் ‘புர்ரசு’ என்றே எழுதினார் என்று பிற்காலத்துச் சிசெரோ குறிக்கிறார். என்னியசுக்குக் கிரேக்கம் தெரியாதா எனில், நன்றாகத் தெரியும். இலத்தீன், கிரேக்கம், ஒசுக்கம் ஆகிய மூன்றும் அறிந்ததால் தமக்கு மூன்று நெஞ்சங்கள் உண்டெனச் சொல்லிக்கொண்டவர் அவர். அறியாமையால் மாற்றினாரல்லர், தம் மொழியின் ஒலிக்கும் எழுத்துக்கும் இயையுமாறு அறிந்தே மாற்றினார்.

இதனை நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. வடசொல் தமிழுள் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு பொருந்தி வரவேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்துவிட்டார். அவ்விதி ஏட்டில் மட்டும் கிடந்ததன்று. வடநாட்டுக் கதையொன்றை எடுத்துப் பல்லாயிரம் பாட்டுப் பாடிய கம்பர், அக்கதையின் மாந்தர் அனைவரையும் தமிழ் எழுத்துக்குள் நிறுத்தினார். இலக்குவன், வீடணன், சடாயு, அனுமன் என்னும் பெயர்களைக் காண்க. உலிக்கெசுக்கும் இலக்குவனுக்கும் நிகழ்ந்தது ஒன்றே. கம்பர் கொண்ட கதையில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எழுத்தைக் காத்த முறையில் முழு உடன்பாடுண்டு.

நாம் வாழும் சேலத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைசூழ் ஊராதலின் ‘சைலம்’ என்னும் வடசொல்லின் திரிபே சேலம் என்பார் ஒரு சாரார். சேரன் பெயரொடு இயைப்பார் மற்றொரு சாரார். இரண்டாம் கூற்றே எனக்கு உவப்பு. ஆயினும் முன்னதே உண்மையென வைத்துக்கொண்டாலும் இழுக்கில்லை. ஐகாரம் ஏகாரமாகி, வடவொலி முற்றும் தேய்ந்து, நாலாபுறத்து உழவன் நாவிலும் உருண்டு திரண்ட சொல் அது. எலையா ஒலிவா ஆனதுபோல் ஆகிவிட்டது. இத்தகைய சொற்களைத் தோண்டியெடுத்துத் துரத்தவேண்டும் என்று நம் அன்பர் சிலர் துடிப்பது வீண்முயற்சி. எதிரி உள்ளே இருக்கையில் வீட்டுத்தூணை அறுத்துப் பார்ப்பதனால் பயனில்லை.

இனி மறுபாதிக்கு வருவோம். கி.மு. 146-இல் கிரேக்கநாடு உரோமரின் ஆட்சிக்குட்பட்டது. கிரேக்க ஆசான்கள் உரோமச் செல்வர் மனைகளில் நிறைந்தனர். அதன்பின் ஒரு புதுப்பழக்கம் தலையெடுத்தது. பழைய கடன்சொற்களைப்போல் நாவுக்கேற்பத் திரிக்காமல், கிரேக்கன் சொல்வதுபோலவே சொல்லுவதும் எழுதுவதுமே கற்றவர்க்கு அழகு எனப்பட்டது. அதற்கு இலத்தீன் எழுத்து போதவில்லை. எனவே கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க நெடுங்கணக்கிலிருந்து இரண்டு எழுத்துகள், கிரேக்கச் சொற்களை எழுதுதற்கென்றே இலத்தீனுள் இறக்கப்பட்டன. இன்று ஆங்கில நெடுங்கணக்கின் கடைசியில், பிந்தி வந்த விருந்தினர்போல் நிற்கும் ‘ஒய்’, ‘இசட்டு’ என்பன அவையே. நம் இஞ்சிவேர் வடபுலத்து மொழிகளினூடாகக் கிரேக்கம் சென்று இலத்தீனுள் ‘சிங்கிபேர்’ எனப் புகுந்தபோது, அதன் தலையெழுத்தும் இக்கடனெழுத்தாகவே அமைந்தது. பாவம், இஞ்சி என்ன செய்யும்!

எழுத்து இரண்டோடு நிற்கவில்லை. கிரேக்கரின் மூச்சொலிகளைக் காட்ட, வல்லெழுத்துகளின் பின் மூச்செழுத்தைச் சேர்க்கும் வழக்கமும் பெருகியது. சிசெரோ இதைப்பற்றி எழுதியிருப்பது ஒவ்வொரு தமிழாசிரியரும் அறியவேண்டியது. முன்னோர் உயிரெழுத்தின் முன்னன்றி வேறெங்கும் மூச்சொலி சேர்த்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தாமும் முதலில் அவ்வாறே ஒலித்துவந்தார். பின்னர், மக்கள் காதுக்குப் பழகிவிட்டதே என்று, வழக்கை மக்களுக்கு விட்டுக்கொடுத்து அறிவைத் தமக்கு வைத்துக்கொண்டதாகச் சொல்கிறார். அத்துணைப் பெரிய நாவலர் பணிந்த இடம் அது. அவர் பணிந்ததன் விளைவு என்ன? அழகு என்னும் பொருள்பட்ட தூய இலத்தீன் சொல்லாகிய ‘புல்க்கர்’ என்பதனுள்ளும் தேவையற்ற மூச்செழுத்துப் புகுந்து இன்றளவும் போகவில்லை.

அக்காலத்துப் பாவலர் கட்டுல்லசு, அரியசு என்பானொருவனை எள்ளி ஒரு பாட்டே பாடியிருக்கிறார். அரியசு, தான் கற்றவன் எனக் காட்டவேண்டி, வேண்டாத இலத்தீன் சொற்களிலெல்லாம் மூச்சொலியை ஏற்றிச் சொல்வான். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் முன்னும் ‘அக்’கென்று ஒரு மூச்சை விடுவான். இந்த அரியசு நம்மூர்க்காரனாகவே எனக்குத் தோன்றுகிறான். 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்த அரூரின் பெயரை ஆங்கிலப் பலகையில் படித்துப் பாருங்கள். அகரத்தின் முன் மூச்செழுத்து ஒன்று முளைத்திருக்கும். இடுப்பில் கட்டும் வேட்டியைக் கடைப்பலகையில் பாருங்கள். அதன் நடுவே வடவெழுத்தொன்று செருகப்பட்டிருக்கும். சொல்வது கடினம், எழுதுவது கடினம். ஆயினும் அதுவே உயர்ந்தோர் வழக்காம்! (அவ்வெழுத்தை இப்பக்கத்தில் அச்சிட விரும்பவில்லை, அச்சிடாமலே படிப்பவர்க்கு விளங்குகிறது என்பதே அது தமிழுக்கு வேண்டாதது என்பதற்குச் சான்று.)

பேரரசன் கிளாதியசு கி.பி. 47-ஐ ஒட்டி மூன்று புதிய எழுத்துகளை இலத்தீனில் ஆணையிட்டுப் புகுத்தினான். அவன் 54-இல் இறந்தான். எழுத்துகளும் அவனோடு போயின. அரசாணையால் வந்த மூன்றும் வீழ, கற்றவர் பழக்கத்தால் வந்த இரண்டும் நிலைத்தன. நம்மிடத்தும் வடவெழுத்துகள் எவ்வரசன் ஆணையாலும் நிலைபெற்றனவல்ல. பத்திரம் எழுதுவோனும், அழைப்பிதழ் அச்சிடுவோனும், பள்ளியில் பெயர் எழுதும் ஆசிரியனுமாகிய நாமே அவற்றை நாள்தோறும் நீரூற்றி வளர்க்கிறோம்.

உரோமில் இதனை எதிர்த்தவர் இல்லையென்று எண்ணிவிடவேண்டா. பழைய அங்கதப் பாவலர் இலுசிலியசு இலத்தீனையும் கிரேக்கத்தையும் கலந்து எழுதியதைச் சிலர் இனிமையெனப் புகழ, ஒராசு அதனை மறுத்து இடித்துரைத்தார். நம் மொழியிற் சொல்வதானால், மணிப்பவளத்தை இகழ்ந்தார். முதல் நூற்றாண்டு ஆசிரியர் குவிண்டிலியன், கிரேக்கப் பெயர்கள் கிரேக்க வேற்றுமையீற்றை ஏற்பதா இலத்தீன் ஈற்றை ஏற்பதா என்ற வழக்கை எடுத்து ஆராய்ந்து, பொருந்துமளவும் இலத்தீன் ஈறே தமக்கு உடன்பாடு என்றார். இவ்வழக்கில் நாம் தோற்ற இடமும் ஒன்றுண்டு. சேரனின் அரசிருக்கை எனத் தாலமி எழுதிய ‘கரூரா’, நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக்கு அக்கரையிலுள்ள நம் கரூரே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அச்சேரர் வழியினரின் மலைநாட்டில், வடவெழுத்தோடு வடமொழி வேற்றுமையீற்றையும் ஏற்ற மணிப்பவளம் செழித்தது. பதினான்காம் நூற்றாண்டின் ‘இலீலாதிலகம்’ அதற்கு இலக்கணமே வகுத்தது. அங்கு வழங்கிய தமிழ் வேறு மொழியாகப் பிரிந்ததற்குக் கரணியங்கள் பல. அவற்றுள் இதுவும் ஒன்று.

வேறொரு பொய்யும் இரு நாட்டிலும் ஒன்றுபோல் நடமாடியது. கி.மு. முதல் நூற்றாண்டில் இலக்கணியர் சிலர், இலத்தீன் என்பது தனிமொழியன்று, கிரேக்கத்தின் அயோலியக் கிளைவழக்கே என்றனர். கற்ற உரோமர் சிலரும் இதனை மகிழ்ந்து ஏற்றனர். தம் தாய்மொழி உயர்ந்த மொழியொன்றின் பிள்ளை எனப்படுவதில் அவர்க்கு ஒரு பெருமை! இன்று மொழிநூல் அறிந்தவர் எவரும் இதனைக் கொள்வதில்லை. இரண்டும் ஒரு குடும்பத்து உடன்பிறப்புகள். தாயும் மகளும் அல்ல. தமிழ் வடமொழியினின்று பிறந்தது என்ற கூற்றோ இதனினும் கீழ்ப்பட்டது. இவை உடன்பிறப்புகள்கூட அல்ல. தென்மொழிகள் வடமொழிப் பிறப்பல்ல என்று 1816-இல் எல்லிசு எழுதினார். 1856-இல் கால்டுவெல் விரித்து நிறுவினார். இதன்பின்னும் அப்பொய் நம் பக்கத்துத் திண்ணைகளில் கால்நீட்டிப் படுத்திருக்கிறது.

கடன்கொள்ளல் வேறு, ஆக்கிக்கொள்ளல் வேறு. கிரேக்க மெய்ப்பொருளை இலத்தீனில் எழுதப் புகுந்தவர் இரண்டாம் வழியில் உழைத்த உழைப்பை, ‘உரோமன் அள்ளிக்கொண்டான்’ என்போர் சொல்வதேயில்லை. அணுக் கொள்கையை ஆறு படலமாகப் பாடிய இலுக்கிரேத்தியசு, தம் தாய்மொழி இதற்கு வறியதாக இருக்கிறதே என வாய்விட்டு வருந்தினார். வருந்தியவர் என்ன செய்தார்? அணுவைப் பற்றிய அந்நெடும்பாட்டில் ‘அதோமோசு’ என்னும் கிரேக்கச் சொல்லை ஓரிடத்தும் ஆளவில்லை. வித்துகள், முதற்பொருள்கள், தொடக்கங்கள் எனத் தம் மொழியின் எளிய சொற்களையே அணுவுக்குப் பெயராக்கினார். சிசெரோ ‘குவாலித்தாசு’ என்றும் ‘மொராலிசு’ என்றும் கிரேக்கச் சொற்களுக்கு நேராகப் புதுச்சொல் படைத்தார். ஆங்கிலத்தில் ‘குவாலிட்டி’, ‘மாரல்’ என்று இன்று உலகமெல்லாம் சொல்வன, கிரேக்கச் சொல்லை அப்படியே எடுத்தாள மறுத்த ஒருவர் தம் தாய்மொழியில் ஆக்கிய சொற்களின் வழிவந்தவையே. தனிமொழிப் பற்று மொழியை ஒடுக்கும் என்பார் இதற்கு விடை கூறட்டும்.

பேரரசன் திபேரியசைப் பற்றி வரலாற்றாசிரியர் சுவெத்தோனியசு எழுதிய செய்தி இன்னும் சுவையானது. மூதவையில் ‘தனியுரிமை வணிகம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைச் சொல்ல நேர்ந்தபோது, அயற்சொல்லை ஆள்வதற்காக அவையோரிடம் அவன் முன்கூட்டியே பொறுத்தல் வேண்டினானாம். அவைத் தீர்மானமொன்றில் பொறிப்புவேலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வந்தபோது, அதனை எடுத்துவிட்டு இலத்தீன் சொல்லிடவும், ஒருசொல் கிட்டாதாயின் பலசொல்லாலேனும் விளக்கவும் பணித்தானாம். திபேரியசு நல்லரசன் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் நம் சட்டமன்றத்தில் அயற்சொல் சொல்லுமுன் பொறுத்தல் கேட்கும் வழக்கம் வருமாயின், அவை நடவடிக்கையில் பாதிநேரம் அதற்கே போய்விடும்.

கோனேரிப்பட்டியில் 1987-இல் உரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அவர்தம் காசு நம் மண்ணுக்குள் கிடந்ததை எல்லாரும் பேசுகின்றனர். அவர்தம் மொழிக்கவலை நம் நெஞ்சுக்குள் கிடப்பதைப் பேசுவாரில்லை. சொல்லாக்கத்தில் சேலத்திற்கு உள்ள பங்கு சிறிதன்று. 1916-இல், மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அதே ஆண்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராசகோபாலாச்சாரியார் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் கண்டார். அவருடைய பிற்கால மொழிக்கொள்கைகளோடு நமக்கு ஒவ்வாதவை பல. இம்முயற்சியை மறைப்பது முறையன்று. பின்னர் 1940-இல் சென்னை அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த கலைச்சொற்குழு வடமொழிப் பக்கமே சாய்ந்தபோது தமிழறிஞர் வெகுண்டெழுந்தனர். கிளர்ச்சியின் பின்னரே தமிழ்ப்புலவர்க்கு அக்குழுவில் இடங்கிடைத்தது. 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் பாவாணர் தமிழ் கற்பித்தார். சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்த பெருஞ்சித்திரனார் அவரிடம் அங்கே பயின்றார். இலத்தீனும் கிரேக்கமும் தமிழொடு ஒப்பிட்டு வேர்ச்சொல் ஆய்ந்த ஒருவர் நம் தெருக்களில் நடந்த ஊர் இது. இலத்தீனைக் காட்டி நம்மை மருட்டுவோர் இதனையேனும் நினைவிற் கொள்க.

இனி, எனக்கு மிகவும் உறுத்துகின்ற பெயர்களுக்கு வருகிறேன்.

உரோமர் கிரேக்கத் தெய்வக்கதைகளை வாங்கினர். ஆனால் சீயசின் கதையெல்லாம் கேட்டுவிட்டும் தம் வானவனை யூப்பிட்டர் என்றே வணங்கினர். அத்தேனா கதை மினெர்வாவுக்கு ஏற்றப்பட்டது; பெயர் மினெர்வாவே. தெரிந்த தெய்வத்தோடு ஒப்பிடமுடியாத அப்பொல்லோ மட்டும் தன் பெயரோடு வந்தான். முதன்முதல் கிரேக்கக் காப்பியத்தை இலத்தீனில் பெயர்த்த இலிவியசு அந்திரோனிக்கசு, கிரேக்கப் பாட்டுத்தெய்வமாகிய ‘மூசா’வை அழைக்கவேண்டிய முதலடியில் தம்மூர் நீர்த்தெய்வமாகிய ‘காமேனா’வை அழைத்தார். கதையை வாங்கினர்; பெயரை விற்கவில்லை.

நாம் என் செய்தோம்? திருச்செங்கோட்டு மலைமேல் பெண்ணை ஒரு பாகத்தில் கொண்ட இறைவன் நிற்கிறான். மாதொருபாகன் என்று அவனுக்கு நாவினிக்கும் தமிழ்ப்பெயர் உண்டு. பலகையிலும் பற்றுச்சீட்டிலும் இருப்பதோ அர்த்தநாரீசுவரர். செங்கோடு என்ற மலைக்கே ‘நாககிரி’ எனப் பெயரிட்டோரும் உண்டு. கொல்லிமலையில் அறப்பள்ளி என்னும் பெயரின் வாலில் ஈசுவரரை ஒட்டி அறப்பளீசுவரர் ஆக்கினர். அதியமானின் தகடூர் தருமபுரி ஆயிற்று. அவ்வதியர் வழியினர் எட்டாம் நூற்றாண்டளவில் நாமக்கல் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, ஔவை வாயிற் பயின்ற அதியன் பெயர் வடமொழிக் கல்வெட்டில் ‘அதியேந்திரன்’ எனத் திரிந்தது. அவ்வூரின் பழம்பெயர் ஆரைக்கல் என்பர். ஆரை போனாலும் கல் மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ளவேண்டியதுதான். ‘நாமகிரி’ என்போர் அதனையும் விடவில்லை.

ஆறுகளைப் பாருங்கள். ஆற்றூராகிய ஆத்தூரின் வழியே ஓடுவது வசிட்ட நதியாம். அதற்குத் தெற்கே சுவேத நதி. இரண்டும் கீழ்நாட்டில் கூடி வெள்ளாறாகின்றன. ‘சுவேதம்’ என்பதற்குப் பொருள் என்ன? வெண்மை. கீழே உழவன் வெள்ளாறு என்கிறான். மேலே எவனோ அதனையே மொழிபெயர்த்துவைத்தான். ஒரே நீர், கடலை நோக்கி ஓடஓடத் தமிழாகிறது! திருமணிமுத்தாறு மட்டும் தப்பியது. சாயக்கழிவில் இருந்து அது தப்பவில்லை என்பது வேறு துயரம். 2020-இல் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துக்கூட்டலுக்கே அத்துணைத் தடை என்றால், பெயர்மீட்புக்கு எத்துணை வலிமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாந்தர் பெயருக்கு வருவோம். உரோமில் கிரேக்கப்பெயர் தாங்கியோர் எண்ணற்றோர். அவர் யாவர்? பெரும்பாலும் அடிமைகள், அடிமைநிலையினின்று விடுபட்டோர். உடையவன் இட்ட பெயர் அது. கல்லறைக் கல்வெட்டுகளை ஆராய்ந்தோர் ஒரு செய்தியைக் கண்டனர். கிரேக்கப்பெயர் கொண்ட விடுதலையாளர், உரிமையுடன் பிறந்த தம் மக்களுக்கு இலத்தீன் பெயரிடுவதையே பெரிதும் விரும்பினர். அயற்பெயர் அடிமைத்தழும்பு என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது; தம்மோடு அத்தழும்பு ஒழியட்டும் என எண்ணினர்.

நம் சமவெளியில் இது தலைகீழாக நடக்கிறது. செங்கோடன், நல்லதம்பி, பாவாயி, பொன்னாயி, செல்லாயி என்ற பெயர்கள் எங்கள் மாணாக்கரின் பாட்டன் பாட்டியரோடு நிற்கின்றன. கல்வியும் பொருளும் பெற்று, எவர்முன்னும் கைகட்டி நிற்கவேண்டாத முதல் தலைமுறை, தன் பிள்ளைக்குத் தேடித்தேடி இடுகின்ற பெயரோ, தன் பாட்டனைக் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்திய மொழியின் பெயர். வருகைப்பதிவேட்டை எடுத்துக் காலையில் பெயர்களைப் படிக்கையில், இது சேலத்துப் பள்ளியா, கங்கைக்கரைப் பள்ளியா என மயங்கும். அப்பெயர்களைப் பிள்ளைகளே பிழையின்றி எழுதுவதில்லை. ஆறாம் வகுப்பில் தன் பெயரை மூன்றுவகையாக எழுதும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். குற்றம் பிள்ளையுடையதன்று, தமிழ் நெடுங்கணக்கு முப்பதும் ஆய்தமும் கற்ற பிள்ளைக்குத் தன் பெயரை எழுத அவை போதாமற் செய்துவிட்டோம். மாணாக்கர் முன்னெழுத்தைத் தமிழில் எழுதவேண்டுமென 2021-இல் அரசாணை வந்தது, நன்று. தந்தை பெயரின் தமிழெழுத்தைப் பின்தொடர்ந்து வரும் பெயர் வடவெழுத்தாக இருக்கையில் அவ்வாணை என் செய்யும்?

“எழுத்து அப்படி அமைந்துவிட்டது ஐயா, கணியர் குறித்துக் கொடுத்தார்” என்பர் பெற்றோர். அவ்வெழுத்துப் பட்டியலைத் தாங்கள் பார்த்ததுண்டா என்று நான் கேட்பது வழக்கம். விண்மீன் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்து. ஆயிலியத்துக்குச் சொல்லப்படும் நான்கும் டகர வரிசை. தமிழில் டகரம் மொழிக்கு முதலாகாது என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம். அப்படியாயின் ஆயிலியத்தில் பிறந்த தமிழ்க்குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் இடவே கூடாதென்று பிறந்த அன்றே தீர்ப்பாகிவிடுகிறது. அத்தத்துக்குரிய நான்கில் ஒன்று வடவெழுத்து, இன்னொன்று மீண்டும் அதே டகரம். தமிழ் ஒலியை நினையாத எவனோ தன் மொழிக்கெனச் செய்த பட்டியல் இது. இதனைத் தமிழன் பிள்ளைக்கு அளவெடுக்காமல் மாட்டிய சட்டை என்பதன்றி வேறென்ன சொல்வது? இவ்விளக்கத்தைக் கேட்டுப் பெற்றோரிற் சிலர் மனம் மாறியதுண்டு. மாறாதார் பெயரை அவர் சொன்னபடியே பதிவேட்டில் எழுதுகிறேன். பெயரிடும் உரிமை அவருடையது, என்னுடையதன்று.

பதிவேட்டுக்கு வருமுன்னரே செய்யவேண்டியது இது. பிறப்பைப் பதியும்போதே பெயர் எழுதியாகவேண்டும் என்று பலர் எண்ணி, மருத்துவமனையிலேயே அவசரமாகக் கைப்பேசியில் தேடி ஒரு பெயரைச் சொல்லிவிடுகின்றனர். பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்க விதி இடந்தருகிறது. அவ்வோராண்டில் வீட்டிலிருக்கும் முதியவரிடம் அவர்தம் தாய்தந்தையின் பெயரைக் கேட்டறியலாம். பேரன் என்று நாம் சொல்வது பெயரன் என்னும் சொல். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். கொங்குநாட்டில் அவ்வழக்கம் இன்றும் முற்றும் அற்றுப்போகவில்லை. பிள்ளைக்கு வீட்டில் அழைக்கப் பாட்டன் பெயரும், பள்ளியில் எழுத வடவெழுத்துப் பெயருமாக இரண்டு வைக்கின்றனர். அவ்விரண்டையும் இடம் மாற்றினாலே போதும்.